ஆ காட்டு

ஒரு அம்மாவின் குரலுக்கு என்ன விலை? நான் ஆறாயிரம் என்றேன். நாலாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. அடித்துப் பேசிக் குறைத்தது அந்த அம்மா பெற்ற சொந்த மகள்.

இது நடந்த விஷயம். கதை விடுகிறான் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாதவன் எங்கள் தெருவில் ஒரு குண்டூசி விற்க முடியாது. ஆனால் பொய் சொன்னால் அதில் நாலு காசு பார்க்க வேண்டும் இல்லையா? இதைச் சொல்லி எனக்கு என்ன மிச்சம்? அந்த வியாழக்கிழமையிலிருந்து பிசைந்த எதையும் என்னால் வாயில் வைக்க முடியவில்லை. கொழகொழவென்று எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. பற்பசையைக்கூட விட்டுவிட்டுப் பொடிக்கு மாறிவிட்டேன். நான் பார்த்த லாபம் அவ்வளவுதான்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது மத்தியானம். சுள்ளென்று வெயில். எதிர்க் கடை வாசலில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கடையில் முன்பாதி பழைய சாமான் வியாபாரம். அது என் மனைவியின் ராஜ்ஜியம். நடுவில் ஒரு துணித் திரை. பின்பாதியில் என் ரிப்பேர் மேஜை. பழைய ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், ஸ்பூல் டேப் ரெக்கார்டர் எல்லாம் என் கைக்கு வரும். இவற்றை ஓட வைக்க இந்த ஊரில் இன்னும் ஒரே ஆள் நான்தான் என்பதால் விலையும் நான் வைத்ததுதான்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பல் டாக்டர் வந்தார். ஐம்பதை நெருங்குகிற பெண்மணி. பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். பிரித்தால் உள்ளே ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர். இரண்டு பெரிய சக்கரங்களும் மாட்டியபடியே இருந்தன. டேப்பும் அதிலேயே இருந்தது.

"இது ஓடுமா?"

"ஓட வச்சிடலாம்மா. ஆறாயிரம் ஆகும்."

"என்னது?" என்று வலது காதை என் பக்கம் திருப்பினார். மறுபடி சொன்னேன்.

"ஆறாயிரமா! பழைய இரும்புக்குப் போட்டா இருநூறு தேறாது."

"இரும்புக்குப் போடறதுன்னா சாக்குல கட்டிக் கொண்டு வந்திருப்பீங்க. பெட்ஷீட்ல சுத்திக் குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்திருக்கீங்களே."

முன்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவர் அப்படித்தான் பேசுவார் டாக்டர். விடாதீங்க, குறைச்சுக் கேளுங்க!"

சொந்த வீட்டிலேயே எதிரி. டாக்டர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. போன மாதம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பரணைச் சுத்தம் செய்யும்போது பெட்டிகளுக்குப் பின்னால் இது கிடைத்தது. மூடியில் அப்பாவின் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: 'அவள். மத்தியானம்.'

"அப்பா 'அவள்'னு சொன்னா அது எங்கம்மாதான். எனக்கு இடது காது போய் ஆறு வருஷம் ஆச்சு. வலது காதுல கட்டி. வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். காது மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள எங்கம்மா எப்படிப் பேசினாங்கன்னு ஒரே ஒரு தடவை கேட்டுடணும்."

இதைக் கேட்ட பிறகும் நான் ஐந்நூறுதான் குறைத்தேன். மீதி ஆயிரத்தை அவராகவே அடித்துக் குறைத்தார். வியாழக்கிழமை நாலு மணிக்குத் தருவதாகப் பேச்சு.

கிளம்பும்போது என் வாயையே பார்த்தார். "முன்பல்லுல பள்ளம் விழுந்திருக்கே. நூல் கடிப்பீங்களா?"

"தொழில் டாக்டர்."

உண்மைதான். இந்த மாதிரி மிஷினுக்குள் மோட்டாரிலிருந்து சக்கரங்களுக்கு ரப்பர் பெல்ட் ஓடும். ஐம்பது வருஷத்தில் அது உருகித் தாராகிவிடும். அளவு பார்க்கப் பழைய பெல்ட்டே இருக்காது. ஆகவே பெல்ட் ஓடிய வழியிலேயே ஒரு நூலைச் சுற்றி, இழுத்துப் பிடித்து, வெட்டி, நூற்றுக்கு ஏழு குறைத்துப் புதுப் பெல்ட் வாங்குவோம். இரண்டு கையும் உள்ளே மாட்டியிருக்கும். நூலின் மறுமுனையைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? பல்தான்.

"கண்டதை வாயில வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை. மணி 12.40. மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்து அடிமூடியைக் கழற்றினேன்.

எத்தனையோ உருகின பெல்ட்டைப் பார்த்திருக்கிறேன். சாதாரணமாக அது இருந்த இடத்திலேயே கறுப்பாக அப்பிக்கொண்டு கிடக்கும். இது அப்படி இல்லை. மோட்டார், சக்கரம், ஒயர் என்று எல்லாவற்றின் மேலும் வழிந்து, கோர்த்துக்கொண்டு, நூல் நூலாகத் தொங்கியது. சளி மாதிரி. தொட்டால் விரலோடு ஒரு முழ நீளம் வந்தது. அறுபடவில்லை. உதறினேன். முழங்கையில் சுற்றிக்கொண்டது.

பரவாயில்லை, இதற்குத்தானே காசு என்று ஒரு தகர டப்பாவை எடுத்துவைத்து, கத்தி முனையால் வழித்துப் போட ஆரம்பித்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சி ஒரு கட்டு தீர்ந்தது. இரண்டாவது கட்டும் தீர்ந்தது.

12.58. ஒன்று கவனித்தேன். அது சூடாக இருந்தது. மிஷினுக்கு மின்சாரமே கொடுக்கவில்லை. வெயிலும் மேஜை மேல் படவில்லை. வெந்நீர்ச் சூடு இல்லை... உடம்புச் சூடு.

1.07. கத்தியில் ஒரு முடி வந்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். பெண் பிள்ளையின் முடி.

1.15. வாடை. உருகின ரப்பருக்கு ஒரு வாடை உண்டு, மண்ணெண்ணெய் மாதிரி. இது வேறு. காலையில் எழுந்து பல் விளக்காமல் யாராவது முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டால் எப்படி இருக்கும்? அது.

எதையும் எடை போட்டுப் பார்ப்பது எங்கள் குடும்ப வியாதி. செம்புக் கம்பி நிறுக்கும் தராசில் டப்பாவை வைத்தேன். இந்த அளவு மிஷினுக்கு மூன்று பெல்ட் வரும். புதிதாக வாங்கினால் மூன்றும் சேர்ந்து இருபத்துநாலு கிராம் இருக்கும். டப்பா போக, நான் வழித்தது இருநூற்றுப் பத்து கிராம்.

இன்னும் வந்துகொண்டிருந்தது.

"சாப்பிட வர்றீங்களா?" மனைவி திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"இப்ப வேண்டாம். குமட்டுது."

"அந்தக் கையோட டம்ளரைத் தொட்டீங்க, டம்ளரோட உங்களையும் சேர்த்து வித்துடுவேன்."

"யாரு வாங்குவா?"

"அதான் இத்தனை வருஷமா நானே வச்சிருக்கேன்."

சிரித்தேன். கடைசியாகச் சிரித்தது அதுதான்.

1.34. உள்ளே ஓரளவு சுத்தமாகிவிட்டது. நூலை எடுத்தேன். மோட்டார் சக்கரத்தைச் சுற்றி, பெரிய சக்கரத்தைச் சுற்றி இழுத்தேன். இரண்டு கையும் உள்ளே. பழக்க தோஷம்... மறுமுனையைக் குனிந்து பல்லில் கவ்வினேன்.

நூல் முழுக்க அது ஒட்டியிருந்தது.

நாக்கில் பட்டுவிட்டது. கசக்கும் என்று நினைத்தேன். கசக்கவில்லை.

இனித்தது.

லேசான இனிப்பு. கொஞ்சம் உப்பு. இளஞ்சூடு. யாரோ ஏற்கெனவே மென்று, கூழாக்கி, எனக்கு என்று துப்பிக் கொடுத்த மாதிரி.

மூலையில் இருந்த தொட்டிக்கு ஓடினேன். துப்பினேன். வாயைக் கொப்பளித்தேன். மறுபடி துப்பினேன். இரண்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தேன்.

டப்பாவைப் பார்த்தேன்.

நான் வழித்துப் போட்டது குவியலாகக் கிடந்தது. இப்போது அப்படி இல்லை. சின்னச் சின்ன உருண்டையாக... வரிசையாக... குழந்தை வாய்க்குத் தகுந்த அளவில்.

ஒவ்வொரு உருண்டையின் மேலும் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம்.

பின்பாதிக்கு வேறு வழி கிடையாது. திரை அசையவில்லை. மனைவி முன்னால் யாரிடமோ மின்விசிறிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

1.41. சொர்ர்ர்...

டேப் சக்கரங்கள் சுற்றின.

மிஷின் சாய்த்தபடியே கிடந்தது. பிளக் என் காலடியில். உள்ளே ஒரு பெல்ட்கூட இல்லை. எது இழுக்கிறது? எதை வைத்துச் சுற்றுகிறது?

முதலில் ஒரு சத்தம். தட்டில் விரல் வழிக்கிற சத்தம். சரக்... சரக்...

அப்புறம் வளையல். கிணிங்.

அப்புறம் வாய். சின்ன வாய். ச்சப்... ச்சப்... ச்சப்...

அப்புறம் ஒரு பெண் குரல். ரொம்பப் பிரியமான குரல். மூக்கடைத்த மாதிரி, தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"ஆ காட்டு."

என் வாய் திறந்தது.

நான் திறக்கவில்லை. திறந்தது.

"ஆ... இன்னும் பெரிசா... சமத்து."

கீழுதட்டில் ஒரு விரல் பட்டது. ஈரமாக. நாக்கின் மேல் ஏதோ விழுந்தது. இளஞ்சூடு. இனிப்பு.

"முழுங்கு."

முழுங்கினேன்.

கத்த நினைத்தேன். வாய் நிறைய இருந்தது. கையைத் தூக்கப் பார்த்தேன். கை மடியில் கிடந்தது, சின்னப் பிள்ளையின் கை மாதிரி.

"இன்னும் ஒரு வாய்."

தொண்டையில் முடி சிக்கியது. இருமினேன்.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..." உச்சந்தலையில் ஒரு கை தட்டியது. கடைவாயில் வழிந்ததை ஒரு விரல் வழித்து... மறுபடி உள்ளே தள்ளியது.

"ஆ காட்டு."

ச்சப்...

"ஆ காட்டு."

அந்த 'ச்சப்' சத்தம் டேப்பிலிருந்து வரவில்லை.

என்னிடமிருந்து வந்தது.

2.12. திரை விலகியது. "எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன், காது..." என்று ஆரம்பித்த மனைவி அப்படியே நின்றாள்.

"ஐயோ, என்னங்க இது வாயில?"

மிஷின் அமைதியாகக் கிடந்தது. சக்கரங்கள் நின்றிருந்தன. தகர டப்பா காலி. வெறும் காலி இல்லை. விரலால் துடைத்து நக்கின மாதிரி பளபளவென்று இருந்தது.

"ரப்பரையா தின்னீங்க? புத்தி கெட்டுப் போச்சா?"

தொட்டியில் குனிந்து தொண்டைக்குள் விரலை விட்டேன். குடித்த தண்ணீர் வந்தது. காலையில் சாப்பிட்டது வந்தது. கறுப்பு மட்டும் வரவில்லை. உள்ளேயே இருந்துகொண்டது.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். நான் கொட்டித் தீர்த்தேன். அவர் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து, "வாயைத் திறங்க" என்றார். அவர் 'ஆ' என்று சொல்லாததற்கு இன்றும் அவருக்கு நன்றி.

ரொம்ப நேரம் பார்த்தார். "பல்லுல எங்கயும் படல. நாக்கு நடுவுல ஒரு கோடு, அப்புறம் தொண்டை. நீங்க எடுத்துச் சாப்பிட்டிருந்தா பல்லெல்லாம் கறுத்திருக்கும்." கண்ணாடியைத் துடைத்தார். "இது யாரோ ஊட்டின வாய்."

"டாக்டர், கேளுங்க. உங்க பணமே எனக்கு வேண்டாம். டேப் அழிஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க. இதை எரிச்சிடலாம்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"டாக்டர்..."

"பிரியமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷம் பொய் விற்றவனுக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. தலையாட்டினேன்.

"நாளைக்கு இந்நேரம் எனக்குக் காது இருக்குமோ என்னவோ. பேயோ பிசாசோ, எங்கம்மாதானே. பெல்ட்டை மாட்டுங்க."

மாட்டினேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு. கையிருப்பிலேயே அந்த அளவில் மூன்று பெல்ட் இருந்தது. 4.46க்கு மிஷின் ஓடியது. வலது காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

முதல் நிமிஷமே அழுதார். அப்புறம் சிரித்தார். கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் வாய் திறந்தது.

மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி திறந்தது. மேஜை மேல் டப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சத்தத்துக்கு என்ன செய்ய? ச்சப்... ச்சப்...

5.17. டேப் முடிந்தது. "போதும்மா" என்றார். மூன்று வயதுப் பிள்ளையின் குரல். அப்புறம் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். கைக்குட்டையில் கறுப்பு. அதை நாலாக மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

நாலாயிரத்து ஐந்நூறை மேஜை மேல் வைத்தார். என் ஆயுளில் முதல் தடவையாக, வருகிற பணத்தை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வைத்துவிட்டு, மிஷினைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. காது போய்விட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய கிளினிக் ஆள் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கடிதம். மேஜையில் உட்கார்ந்து படித்தேன். அதை அப்படியே தருகிறேன்.

'ஐயா, எனக்கு இனிமேல் எதுவும் கேட்காது. வருத்தம் இல்லை. கடைசியாகக் கேட்டது நல்ல குரல். உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிக்கு என் அத்தை வந்திருந்தார், அப்பாவின் தங்கை. டேப்பைப் பற்றி நான் சொன்னதும் அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். எழுதிக் காட்டினார். அந்த மிஷினை அப்பா வாங்கியது அம்மா இறந்து நாற்பத்துமூன்றாம் நாள். கடைக்குக் கூடப் போனவர் அத்தைதான்.

அம்மா போன பிறகு நான் யார் ஊட்டினாலும் சாப்பிடவில்லையாம். நாலு நாள் பட்டினி. ஐந்தாம் நாளிலிருந்து மத்தியானம் பார்த்தால் வயிறு நிறைந்திருக்குமாம். வாயெல்லாம் கறுப்பாக இருக்குமாம். யார் ஊட்டுகிறார்கள், எதை ஊட்டுகிறார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அப்பா மிஷினை வாங்கி என் கட்டிலுக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறார். ஒரே ஒரு மத்தியானம். அன்று சாயங்காலம் கேட்டுப் பார்த்தவர், மறுநாளே வீட்டைக் காலி செய்துவிட்டார்.

டேப்பில் அம்மா ஆளாளுக்குப் பங்கு வைத்து ஊட்டுகிறாள். குழந்தைக்கு ஊட்டும்போது எல்லோரும் சொல்வதுதான், இன்னாருக்கு ஒரு வாய், இன்னாருக்கு ஒரு வாய் என்று. மறந்துவிடக் கூடாது என்று கேட்கும்போதே கோடு போட்டு வைத்தேன். மொத்தம் முப்பத்தொன்று. பாப்பாவுக்குப் பன்னிரண்டு. அப்பாவுக்கு மூன்று. அடுத்ததை வீட்டுக்குப் போய் மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன், தப்பே இல்லை. ரிப்பேர் பண்ற மாமாவுக்குப் பதினாலு.

மீதி இரண்டுக்கும் அம்மா சொல்வது இதுதான். "அது அந்த மாமா வீட்டு அத்தைக்கு. அத்தை வேலையா இருக்கா. அப்புறமா ஊட்டிக்கலாம்."'

கடிதத்தைக் கீழே வைத்தேன். மணி 1.50.

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"சாப்பிடலையா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏன்?"

முதலில் எதையோ முழுங்கினாள்.

"தெரியலைங்க... வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

சொல்லிக்கொண்டே திரும்பினாள். உதட்டோரத்தில் ஒரு கறுப்புக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு தானாக நகர்ந்தது. யாரோ விரலால் வழித்து... உள்ளே தள்ளுகிற மாதிரி.

பன்னிரண்டு. மூன்று. பதினாலு. இரண்டு.

மொத்தம் முப்பத்தொன்று. பாக்கி இல்லை.